மனசு சரியில்லைன்னா எந்த நாட்டுல எந்த வாசல்ல போய் நிக்கணும்

சென்னைல ஒருத்தனை ஓட்டணும்னா "கீழ்ப்பாக்கத்துல ஒரு பெட் சொல்லி வைக்கட்டுமா"ம்பாங்க. இலங்கைல அதுக்கு அங்கொடை, மலேசியால தஞ்சோங் ரம்புத்தான், சிங்கப்பூர் பெருசுங்களுக்கு இன்னும் உட்பிரிட்ஜ். நாலு ஊர்லயும் தமிழ் பேசறவங்க இருக்காங்க, நாலு ஊர்லயும் ஆஸ்பத்திரி பேரே வசவாயிடுச்சு. வெள்ளைக்காரன் காலத்துல மனநோய்க்கு இருந்த சர்வீஸே ஊருக்கு ஒதுக்குப்புறமா மதில் கட்டின ஒரு பெரிய ஆஸ்பத்திரிதான், வேற பெருசா ஒண்ணும் கிடையாது. மெட்ராஸ்ல 1794-லயே ஆரம்பிச்சாங்க, அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1871-ல, தஞ்சோங் ரம்புத்தான் 1911, உட்பிரிட்ஜ் 1928.

இன்னைக்கு இந்த எல்லா நாட்லயும் ஏற்பாடு எவ்ளவோ மாறிடுச்சு, ஆனா நம்ம தலைக்குள்ள மட்டும் பழைய மேப்தான் ஓடுது. மனசுன்னா நேரா பெரிய ஆஸ்பத்திரி, காசு இருந்தா நேரா பெரிய டாக்டர். இந்த மேப்பை வச்சிக்கிட்டு வேற நாட்டுக்குப் போனா தப்பான வாசல்ல நின்னு மாசக்கணக்கா வீணாப்போகும், அதைத்தான் எழுத வந்தேன்.

நான் டாக்டர் இல்ல. எங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு பதினோரு வருஷமா ஜிஎச் மனநலப் பிரிவு ஓபிக்கு அலையறவன், கூடப் படிச்சவன் ஒருத்தன் இங்கிலாந்துல படிக்கப் போய் படுத்துட்டப்போ ராத்திரி ராத்திரி போன்ல கூடவே இருந்தவன், கனடால இருக்கற மாமா பொண்ணுக்காக அந்த ஊர் வெப்சைட்டையெல்லாம் உக்காந்து படிச்சவன். அதனால என்ன மாத்திரைன்னு என்கிட்ட கேக்காதீங்க, எந்த வாசல்னா சொல்றேன்.

முதல்ல அவசரம். உயிருக்கு ஆபத்துன்னு தோணிச்சுன்னா கீழ எழுதினது எதையும் படிக்க வேணாம், போன் பண்ணுங்க. இந்தியால அரசாங்க மனநல போன் லைன் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம். இலங்கைல 1926, இங்கிலாந்துல 111 அடிச்சு 2-ஐ அமுக்குங்க, பேசறதுக்கு ஒரு ஆள் போதும்னா சமாரிட்டன்ஸ் 116 123. கனடாவும் அமெரிக்காவும் 988. ஆஸ்திரேலியா லைஃப்லைன் 13 11 14, சிங்கப்பூர் 1771, மலேசியா 15555, பிரான்ஸ் 3114. ஏற்கனவே ஏதாவது சாப்டுட்டாங்க, காயம் பண்ணிக்கிட்டாங்கன்னா இந்த நம்பர் எதுவும் வேணாம், நேரா ஆம்புலன்ஸ். இந்தியால அதுக்கப்புறம் போலீஸ் கேஸ் ஆகுமோன்னு பயந்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம இருக்கறவங்க இன்னும் இருக்காங்க. 2017 மனநலச் சட்டத்துல 115-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, தற்கொலை முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்கு. இலங்கைல 1998-லயே அது குற்றம் இல்லன்னு எடுத்துட்டாங்க, சிங்கப்பூர்ல 2020-ல, மலேசியால 2023-ல.

சரி, அவசரம் இல்ல, ஆனா ரெண்டு மூணு மாசமா தூக்கம் இல்ல, வேலைக்குப் போகப் பிடிக்கல, இல்லன்னா வீட்ல ஒருத்தர் தனியா பேசிக்கறாங்க, சந்தேகப்படறாங்க. இப்ப எங்க போறது?

தமிழ்நாட்டுலேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா ஊர்ல இருக்கற வாசலே நமக்கு ஒழுங்கா தெரியாது. நம்ம ஊர்ல ஒரு சவுகரியம் இருக்கு, அதை வெளிநாட்டுக்குப் போனப்புறம்தான் புரிஞ்சுப்பீங்க. யாரோட லெட்டரும் இல்லாம நேரா சைக்கியாட்ரிஸ்டைப் பார்க்கலாம். கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எதுவா இருந்தாலும் மனநலப் பிரிவு இருக்கும், காலைல போய் ஓபி சீட்டு போட்டா அன்னைக்கே டாக்டர், அன்னைக்கே மாத்திரை, காசு கிடையாது. மெடிக்கல் காலேஜ் தூரம்னா மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு ஓடுது, கர்நாடகால பெல்லாரி மாவட்டத்துல பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரங்க செஞ்சு பார்த்த மாடலை வச்சு 1996-ல சில மாவட்டத்துல ஆரம்பிச்சு அப்புறம் பரவினது. அதுல ஒரு டாக்டர் டீம் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு கிழமை வச்சு வருவாங்க. இந்தக் கிழமைதான் விஷயம். செவ்வாய்க்கிழமை வர்ற டாக்டரைத் தேடி வியாழக்கிழமை போனா "மனநலமா, இன்னைக்கு இல்லைங்க"ன்னு அனுப்பிடுவாங்க, அத்தோட அந்த வீட்ல மறுபடி யாரும் கிளம்ப மாட்டாங்க. அதனால முந்தின நாளே போன் பண்ணியோ நேர்ல போயோ எந்தக் கிழமை, எத்தனை மணின்னு கேட்டு வச்சிக்கோங்க. எதுவுமே தெரியலன்னா 14416-க்கே அடிச்சு உங்க மாவட்டத்துல எங்க போகணும்னு கேளுங்க, ஆறுதல் சொல்றதுக்கு மட்டும் வச்ச நம்பர் இல்ல அது, வழியும் சொல்லுவாங்க.

குறை என்னன்னா நேரம். நாடு பூரா பார்த்தா லட்சம் பேருக்கு ஒரு சைக்கியாட்ரிஸ்ட் கூட இல்ல, அதனால காலைல ஏழு மணிக்கு வரிசைல நின்னாலும் டாக்டர் முன்னாடி உக்காரப் போறது நாலு நிமிஷம். அதுவும் பிஜி படிக்கற டாக்டருங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, போன தடவை பார்த்தவர் இந்தத் தடவை இருக்க மாட்டார். எங்க அக்காவுக்கு ஒரு ஆஸ்பத்திரில, பேரு வேணாம், புதுசா வந்த டாக்டர் பழைய நோட்டைத் திருப்பாமலே மாத்திரையை மாத்திட்டாரு, ஏற்கனவே அந்த மாத்திரைல கை நடுங்கி சோறு பிசைய முடியாம இருந்ததுன்னு நான் சொல்றதுக்குள்ள அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாச்சு. வீட்டுக்கு வந்து மூணாவது நாள் ஸ்பூன் டம்ளர்ல கடகடன்னு அடிக்குது. அதுக்கப்புறம்தான் ஒரு அரைப்பக்கத் தாள் எழுதிக் கொண்டுபோற பழக்கம் வந்துச்சு, கடைசில சொல்றேன்.

ஊர்ல இன்னொரு குழப்பம், கவுன்சிலிங்னு போர்டு மாட்டினவங்க எல்லாம் ஒரே ரகம் இல்ல. மாத்திரை எழுதறவங்க சைக்கியாட்ரிஸ்ட், எம்பிபிஎஸ் முடிச்சு மேல படிச்சவங்க. பேச்சு வழியா வைத்தியம் பண்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு நம்பர் இருக்கணும், கேட்டா சொல்லணும், சொல்லத் தயங்கினா எந்திரிச்சு வந்துடுங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருந்தா உடம்பு வியாதிக்குக் குடுக்கற மாதிரியே மனசு வியாதிக்கும் அட்மிஷன் செலவு குடுக்கணும்னு அதே 2017 சட்டம் சொல்லுது, ஆனா நிறைய பாலிசில ஓபி செலவே வராது, அதனால மாசாமாசம் மாத்திரைக்கு அது உதவாது.

இப்ப இங்கிலாந்து. நம்ம பசங்க நிறைய பேர் முட்டிக்கறது இங்கதான்.

என் பிரண்டு செப்டம்பர்ல போனான், நவம்பர்ல நாலு மணிக்கே இருட்டுது, ரூமை விட்டு வெளிய வரல. ஊர்ப் பழக்கத்துல சைக்கியாட்ரிஸ்ட்னு கூகுள்ல தேடி பிரைவேட்ல ஒரு தடவைக்கு எத்தனை பவுண்டுன்னு பார்த்துட்டு போனை வச்சுட்டான். அப்புறம் ஒரு ராத்திரி நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கே போய் ஆறு மணி நேரம் உக்காந்து, உயிருக்கு ஆபத்து இல்லன்னு பார்த்துட்டு ஜிபியைப் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. இவனுக்கு ஜிபியே இல்ல! வந்து மூணு மாசம் ஆகியும் பதிஞ்சுக்கல. விசாவுக்கு வருஷத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டிட்டு வந்தவன், அதுல டாக்டர், ஆஸ்பத்திரி செலவெல்லாம் அடக்கம்னு தெரியாம கைக்காசுக்குக் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்கான்.

அங்க எல்லாத்துக்கும் முதல் வாசல் ஜிபி, அதாவது தெரு முனை டாக்டர் மாதிரி ஒருத்தர், ஆனா அவர்கிட்ட பேர் பதிஞ்சிருக்கணும். போய் இறங்கின முதல் வாரமே பதிஞ்சுடுங்க, காய்ச்சல் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க. அட்ரஸ் புரூஃப் குடு, விசா காட்டுன்னு ரிசப்ஷன்ல கேட்டாலும் அது இல்லாமலே பதியலாம்னுதான் என்எச்எஸ், அதாவது அந்த ஊர் அரசாங்க மருத்துவ சேவையோட விதி, மரியாதையா அதைச் சொல்லிக் கேளுங்க. அப்பாயின்ட்மென்ட் போடறப்போ "டபுள் அப்பாயின்ட்மென்ட்" வேணும்னு கேக்கலாம், இல்லன்னா பத்து நிமிஷத்துல முடிச்சுடுவாங்க. தமிழ்லதான் சொல்ல வரும்னா மொழிபெயர்க்க ஆள் வேணும்னு முன்னாடியே சொல்லுங்க, காசு கிடையாது. அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போய் வச்சிருக்கறவங்க இதைக் கண்டிப்பா கேளுங்க, மருமக முன்னாடியோ பேரன் முன்னாடியோ அவங்க மனசுல இருக்கறதைச் சொல்லவே மாட்டாங்க.

சாதாரண டிப்ரஷன், படபடப்புன்னா ஜிபியைக்கூட பார்க்க வேணாம், டாக்கிங் தெரபீஸ்னு என்எச்எஸ்ஸோட பேச்சு வழி வைத்தியம் ஒண்ணு 2008-ல ஆரம்பிச்சது, இங்கிலாந்துக்குள்ள ஜிபில பேர் இருந்தா போதும், நீங்களே ஆன்லைன்ல பேர் குடுக்கலாம். ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல ஏற்பாடு வேற. பேர் குடுத்தா ஒரு நாள் போன் பண்ணுவாங்க, அந்த போன்தான் நுழைவுத் தேர்வு. ஒன்பது கேள்வி. கடந்த ரெண்டு வாரத்துல ஆர்வம் இல்லாம இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படின்னு, ஒவ்வொண்ணுக்கும் "இல்லவே இல்ல"ன்னா 0, "கிட்டத்தட்ட தினமும்"னா 3, மொத்தம் 27. இதே மாதிரி படபடப்புக்கு ஒரு ஏழு கேள்வி. என் பிரண்டு என்ன பண்ணான் தெரியுமா, வெள்ளைக்கார அம்மா ஒருத்தங்க அவ்ளோ மரியாதையா கேட்டதும் நம்ம வளர்ப்பு புத்தி முன்னாடி வந்து நின்னுடுச்சு, "பரவால்ல மேடம், ஐ ஆம் ஓகே, சம்டைம்ஸ் ஒன்லி"ன்னு எல்லாத்துக்கும் 0, 1. அவங்க அதைக் கூட்டிப் பார்த்து ஒரு லிங்கை மட்டும் அனுப்பிட்டு முடிச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி என்கிட்ட அழறான், சாப்ட்டு ரெண்டு நாள் ஆச்சாம்! சாப்பாட்டுக் கேள்விக்கு என்னடா சொன்னேன்னா "ஒண்ணு"ன்னான்.

அந்த மார்க்கை வச்சுதான் உங்களை எந்தப் படில ஏத்தறதுன்னு முடிவு பண்றாங்க, கம்மின்னா ஆன்லைன் கோர்ஸ், கூடன்னா ஆள் வச்சு சிபிடிங்கற பேச்சு வைத்தியம். அதனால போன் வர்றதுக்கு முன்னாடியே அந்த ரெண்டு வாரத்தை ஒரு பேப்பர்ல எழுதி வச்சிக்கோங்க, எத்தனை நாள் தூங்கல, எத்தனை நாள் குளிக்கல, எத்தனை கிளாஸ் போகல. கூட்டிச் சொல்லவும் வேணாம், குறைச்சும் சொல்ல வேணாம். ஒன்பதாவது கேள்வி செத்துப்போயிட்டா தேவலன்னு தோணிச்சாங்கறது. உண்மையைச் சொன்னா போலீஸ் வந்துடும், விசா போயிடும்னு பசங்க பயப்படறாங்க. தோணுதுன்னு சொன்னா அடுத்து ஏதாவது திட்டம் வச்சிருக்கீங்களா, கூட யார் இருக்காங்கன்னு கேப்பாங்க, அதுக்குத் தகுந்த மாதிரி சீக்கிரம் பாப்பாங்க. அவன் திரும்பப் பேர் குடுத்து ரெண்டாவது தடவை நிஜத்தைச் சொன்னான், அஞ்சு வாரத்துல ஆள் கிடைச்சுது. முக்கால்வாசிப் பேருக்கு ஆறு வாரத்துக்குள்ளன்னுதான் அவங்க வச்சிருக்கற டார்கெட்.

தனியா பேசறது, யாரோ பின்னாடி வர்றாங்கன்னு நம்பறது, குரல் கேக்கறது, இதெல்லாம்னா இந்த டாக்கிங் தெரபீஸ் வரிசைல போய் நிக்கவே நிக்காதீங்க, அது இதுக்கானது இல்ல. ஜிபிகிட்ட நேரா "சைக்கோசிஸோன்னு சந்தேகமா இருக்கு"ன்னு அந்த வார்த்தையையே சொல்லுங்க. முதல் தடவை வர்றவங்களுக்குன்னு தனி டீம் இருக்கு, அதுக்கு ரெண்டு வாரம்தான் கெடு. நாம "கொஞ்சம் டல்லா இருக்கான்"னு பூசி மெழுகினா பொது வரிசைல போட்டுடுவாங்க. மாத்திரைக்கு இங்கிலாந்துல ஒரு அயிட்டத்துக்கு பத்து பவுண்டு கிட்ட வரும், ஸ்காட்லாந்துலயும் வேல்ஸ்லயும் அதுவும் இல்ல.

ஆஸ்திரேலியாலயும் முதல் வாசல் ஜிபிதான், ஆனா சொல்ல வேண்டிய மந்திரம் வேற. "மென்டல் ஹெல்த் ட்ரீட்மென்ட் பிளான்" போடணும்னு சொல்லி நீளமான அப்பாயின்ட்மென்ட் கேளுங்க, சும்மா அப்பாயின்ட்மென்ட்ல அதைப் போட நேரம் இருக்காது. அந்த பிளான் இருந்தா வருஷத்துக்கு 10 தடவை சைக்காலஜிஸ்டைப் பார்க்க மெடிகேர்ங்கற அரசாங்க ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஒரு பங்கு குடுக்கும், முதல்ல 6 வரைக்கும், அப்புறம் ஜிபி ஒரு தடவை பார்த்துட்டு மீதி. ஒரு பங்குதான், மீதி உங்க பாக்கெட்லேர்ந்து, அதனால சைக்காலஜிஸ்ட் ஆபீஸ்ல "பல்க் பில் பண்ணுவீங்களா, கேப் எவ்ளோ"ன்னு, அதாவது மெடிகேர் குடுக்கறதோட முடிச்சுப்பீங்களா, இல்லன்னா நான் கட்ட வேண்டியது எவ்ளோன்னு, முதல்லயே கேட்டுடுங்க, கூச்சப்படாதீங்க, அங்க எல்லாரும் கேக்கறதுதான். படிக்கற பசங்களுக்கு மெடிகேர் கிடையாது, அவங்க கட்டின மாணவர் இன்ஷூரன்ஸ்ல என்ன வரும்னு பார்க்கணும், இல்லன்னா யூனிவர்சிட்டிலயே இருக்கற கவுன்சிலர். 12 வயசுலேர்ந்து 25 வரைக்கும்னா ஹெட்ஸ்பேஸ்னு இளசுங்களுக்கான மனநல சென்டர், நேராவே போகலாம். மொழிபெயர்ப்புக்கு 131 450.

கனடா மாமா பொண்ணு கதை வேற மாதிரி. ஒன்டாரியோ மாகாணத்துல ஓஹிப்ங்கற அரசாங்க ஹெல்த் இன்ஷூரன்ஸ் கார்டு இருந்தா சைக்கியாட்ரிஸ்ட் இலவசம், ஆனா பேமிலி டாக்டர் லெட்டர் வேணும், பேமிலி டாக்டர் கிடைக்கறதே குதிரைக்கொம்பு. சைக்காலஜிஸ்ட், சைக்கோதெரபிஸ்ட்கிட்ட வெளிய பிரைவேட்டா போனா ஓஹிப்ல வராது, கம்பெனி பெனிபிட்ஸ்தான். அவ அந்தக் கம்பெனி பெனிபிட்ஸ் புக்கையே மூணு வருஷமா திறந்து பார்க்கல, பல்லுக்கும் கண்ணாடிக்கும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தா. பெனிபிட்ஸும் இல்லன்னா ஒன்டாரியோ ஸ்ட்ரக்சர்ட் சைக்கோதெரபின்னு ஒரு கவர்மென்ட் திட்டம் இருக்கு, டிப்ரஷன், படபடப்புக்கு, காசு கிடையாது, நீங்களே பேர் குடுக்கலாம். எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலன்னா 211-க்கு போன் பண்ணா உங்க ஏரியால என்ன இருக்குன்னு சொல்லுவாங்க. வெறும் விசிட்டர் விசால போய் இருக்கற அம்மா அப்பாவுக்கு ஓஹிப் கிடையாது, போறதுக்கு முன்னாடியே இன்ஷூரன்ஸ்ல ஏற்கனவே இருக்கற வியாதி சேருமான்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

அமெரிக்கால வாசலே இன்ஷூரன்ஸ் கார்டுதான். கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்கு அடிச்சு "இன் நெட்வொர்க்ல", அதாவது அந்த இன்ஷூரன்ஸோட ஒப்பந்தம் உள்ள டாக்டர்ல, புது பேஷன்ட் எடுக்கறவங்க லிஸ்ட் கேளுங்க, லிஸ்ட்ல பாதிப் பேர் எடுக்க மாட்டாங்க, சளைக்காம அடுத்த பேருக்கு அடிக்கணும். பெரிய கம்பெனில வேலைன்னா ஈஏபின்னு, அதாவது ஊழியர் உதவித் திட்டத்துல, சில கவுன்சிலிங் செஷன் இலவசமா இருக்கும், எச்ஆர்கிட்ட கேக்கலாம்.

இலங்கைல நிலைமை நம்ம தமிழ்நாட்டுக்குக் கிட்ட, ஆனா ஒரு படி ஒழுங்கு அதிகம்னு எனக்குத் தோணும். முன்ன எல்லாமே அங்கொடைதான். 2004 சுனாமிக்கு அப்புறம், 2005-ல ஒரு மனநலக் கொள்கை போட்டு, சைக்கியாட்ரிஸ்ட் பத்தாதுங்கறதை ஒத்துக்கிட்டு, சாதாரண எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கே பயிற்சி குடுத்து மனநல வைத்திய அதிகாரின்னு ஊர் ஊரா போட்டாங்க. யாழ்ப்பாணம்னா தெல்லிப்பழை ஆஸ்பத்திரில பிரிவு இருக்கு. காசு கிடையாது, மாசா மாசம் கிளினிக், ஒரு கொப்பி, அதாவது நோட்டு குடுப்பாங்க, எல்லாம் அதுலதான் எழுதுவாங்க. அந்தக் கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீங்க, வெளிநாட்டுக்குப் பிள்ளைகிட்ட போறப்போ ஹேண்ட் லக்கேஜ்ல வையுங்க, பெட்டில போடாதீங்க. போரைப் பார்த்த ஆளுங்களுக்கு இன்னொண்ணு, லண்டன்லயோ டொரண்டோலயோ புது டாக்டர்கிட்ட "நித்திரை இல்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடறாங்க, என்ன நடந்துச்சுங்கறதை ரெண்டு வரி சொன்னாத்தான் அவங்க வேற வைத்தியத்தையே யோசிப்பாங்க. சொல்ல முடியலன்னா தமிழ்ல எழுதிக் குடுங்க, மொழிபெயர்ப்பாளர் படிச்சுச் சொல்லுவாரு.

சிங்கப்பூர்ல சிட்டிசன், பிஆர்னா பாலிகிளினிக்ங்கற அரசாங்க கிளினிக் வழியா போங்க, அங்கேர்ந்து லெட்டர் வாங்கிப் போனாத்தான் பெரிய ஆஸ்பத்திரில மானியக் கட்டணம். 16-லேர்ந்து 30 வயசுன்னா சாட்னு ஒரு மனநல சென்டர் இருக்கு, ஐஎம்எச், அதாவது பழைய உட்பிரிட்ஜ்தான் நடத்தறது, ஆனா ஷாப்பிங் ஏரியாக்குள்ள வச்சிருக்காங்க, உட்பிரிட்ஜ் கேட்டுக்குள்ள யாரும் வர மாட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியும். வொர்க் பர்மிட்ல இருக்கற தம்பிங்களுக்கு மானியம் இல்ல, ஹெல்த்சர்வ்னு வெளிநாட்டுத் தொழிலாளிங்களுக்கு உதவற ஒரு அமைப்பு இருக்கு, அதைத் தேடுங்க. மலேசியால சிட்டிசனுக்கு கிளினிக் கெசிஹாத்தான்ங்கற அரசாங்க சுகாதார கிளினிக்ல ஒரு ரிங்கிட்தான், அங்கேர்ந்து மென்டாரிங்கற சமூக மனநல சென்டருக்கு அனுப்புவாங்க, தஞ்சோங் ரம்புத்தான் வரைக்கும் போற அவசியம் நிறைய பேருக்கு வராது.

வளைகுடாவுக்குப் போறவங்களுக்கு வாசலை விட மாத்திரைதான் முதல் பிரச்சனை. குளோனாசெபாம், அல்பிரசோலம் மாதிரி தூக்கத்துக்கும் படபடப்புக்கும் குடுக்கற மாத்திரைங்க துபாய், அபுதாபில கட்டுப்பாட்டுல இருக்கற மருந்து, முன்கூட்டியே அந்த நாட்டு அரசாங்கத்துகிட்ட ஆன்லைன்ல அனுமதி வாங்காம பைல போட்டுக்கிட்டுப் போய் ஏர்போர்ட்ல மாட்டிக்காதீங்க. ஏஜென்ட் இதெல்லாம் சொல்ல மாட்டான். எந்த நாட்டுக்குப் போனாலும் சீட்டுல கம்பெனி பேரை மட்டும் எழுதாம மருந்தோட நிஜப் பேரை எழுதித் தரச் சொல்லுங்க, நம்ம ஊர் பிராண்டு பேர் அங்க யாருக்கும் புரியாது. லித்தியம்னு மனநிலை ஏறி இறங்காம இருக்கக் குடுக்கற மருந்தைச் சாப்பிடறவங்க கடைசியா எடுத்த ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டும் எடுத்துக்கோங்க. அங்க போய் டாக்டர் கிடைக்கற வரைக்கும் தாங்கற அளவுக்கு மாத்திரை, எத்தனை நாள் அளவு கொண்டுபோகலாம்னு அந்த நாட்டு விதியைப் பார்த்துட்டு எடுத்துக்கோங்க. நல்லாத்தானே இருக்கேன், போனப்புறம் பார்த்துக்கலாம்னு நிறுத்திட்டுப் போறதுதான் மோசம், எங்க அக்கா ஒரு தடவை கல்யாண வீட்டுக்குப் போறப்போ பத்து நாள் நிறுத்தினதுக்கே ஒரு மாசம் ஆஸ்பத்திரிக்கு உள்ள இருந்தாங்க.

உள்ளன்னதும் எல்லாரும் கேக்கற கேள்வி, விருப்பம் இல்லாம அட்மிட் பண்ண முடியுமா, பண்ணா எப்ப விடுவாங்க. இந்தியால வீட்டுக்காரங்க கொண்டுபோய் விட்டுட்டு வந்தா முடிஞ்சுதுங்கற காலம் போச்சு. நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளி சார்பா முடிவெடுக்க உதவற ஆள், எழுதிக் குடுத்து, டாக்டருங்க பார்த்து, முதல்ல அதிகபட்சம் 30 நாள், அதுக்கு மேலன்னா மறுபடி பரிசீலனை. அவசரத்துக்கு எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரைக்கும் வைத்தியம் பண்ணலாம். சங்கிலி போடக் கூடாது, மயக்க மருந்து இல்லாம ஷாக் வைக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு, அதுக்குப் பின்னாடி ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடி இருக்கு, தர்கா இருக்கற ஊர், அங்க மனநோயாளிகளை வச்சிருந்த காப்பகம் ஒண்ணு. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியக்காலைல தீப்பிடிச்சப்போ கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாம செத்துப்போனாங்க. இன்னைக்கும் யாராவது தர்காவுக்கோ கோயிலுக்கோ கூட்டிட்டுப் போறேன்னா போங்க, வேண்டிக்கோங்க, மாத்திரையும் கூடவே போகட்டும், ஆளை அங்கேயே விட்டுட்டு மட்டும் வராதீங்க.

இங்கிலாந்துல இதை "செக்‌ஷன் பண்ணிட்டாங்க"ம்பாங்க, 1983 சட்டத்தோட ரெண்டாவது செக்‌ஷன்ல 28 நாள், பார்த்து முடிவு பண்றதுக்கு, மூணாவதுல ஆறு மாசம் வரைக்கும். வீட்டுக்காரங்க கையெழுத்து மட்டும் போட்டு நடக்கறது இல்ல அது, ரெண்டு டாக்டரும், பயிற்சி எடுத்த ஒரு மனநல அலுவலரும் (பெரும்பாலும் சமூகப் பணியாளர்) சேர்ந்து முடிவு பண்றது. எதிர்த்து டிரிபியூனல்ங்கற தீர்ப்பாயத்துக்குப் போகலாம், மூணாவது செக்‌ஷன்ல இருந்து வெளிய வந்தா அப்புறம் வர்ற கவனிப்புக்குக் காசு வாங்கக் கூடாது, இந்த உரிமை இருக்குன்னே தெரியாம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறாங்க நம்மாளுங்க. ஒன்டாரியோல டாக்டர் "ஃபார்ம் 1"னு ஒரு படிவம் எழுதினா 72 மணி நேரம் வரைக்கும் வச்சுப் பார்க்கலாம்.

இத்தாலிக்காரங்க இதுல வேற மாதிரி யோசிச்சவங்க. திரியெஸ்தேன்னு ஒரு ஊர்ல பசாலியாங்கற டாக்டர் 1971-ல மனநல ஆஸ்பத்திரிக்குத் தலைவரா வந்து வார்டு வார்டா திறந்துவிட்டாரு. 1973-ல உள்ள இருந்தவங்க எல்லாம் சேர்ந்து நீலக் கலர்ல பெரிய குதிரை ஒண்ணு செஞ்சு ஊர்வலமா வெளிய இழுத்தாங்க, அது வாசல்ல நுழையல, வாசலை இடிச்சுதான் வெளிய போச்சு. 1978-ல மனநல ஆஸ்பத்திரிகளையே மூடச் சொல்லி சட்டம் போட்டாங்க. அதுக்கு பதிலா அந்த ஊர்ல ஏரியாவுக்கு ஒரு சென்டர் வச்சாங்க, 24 மணி நேரமும் திறந்திருக்கற மாதிரி, சீட்டு இல்லாம உள்ள போகலாம், சில கட்டில் இருக்கும், ரெண்டு ராத்திரி தங்கிட்டும் வரலாம். நம்ம ஊர் ஓபில நின்னவன் இதைப் படிச்சா வயிறு எரியும்.

இப்ப அந்த அரைப்பக்கத் தாள். எந்த நாட்டு வாசலா இருந்தாலும் இது செல்லும். மேல பேர், வயசு. அடுத்த வரில எப்ப ஆரம்பிச்சுது, அப்ப வீட்ல என்ன நடந்துச்சு. அப்புறம் தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு, வேலை, இந்த மூணும் போன வாரம் எப்படி இருந்துச்சுன்னு, நம்பர்ல. இப்ப சாப்பிடற மாத்திரை, எத்தனை மில்லிகிராம், காலையா ராத்திரியா. முன்ன எது ஒத்துக்கல, என்ன பண்ணுச்சு, இதைப் பெரிய எழுத்துல எழுதுங்க. சர்க்கரை, தைராய்டு, குடி, எதுவா இருந்தாலும் மறைக்காம. கடைசில ஒரே ஒரு கேள்வி, இன்னைக்கு டாக்டர்கிட்ட கட்டாயம் கேக்கணும்னு நினைக்கறது. ஒண்ணுக்கு மேல எழுதாதீங்க, நாலு நிமிஷத்துல ஒண்ணுதான் பதில் வரும். வெளிநாடுன்னா இதையே இங்கிலீஷ்ல ஒரு காப்பி, போன்ல ஒரு போட்டோ.

வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் குடுத்துட்டோம்னு சும்மா இருந்துடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி வரிசைல எங்க இருக்கேன், யாராவது வராம போனா அந்த இடத்துக்கு வர நான் ரெடின்னு சொல்லி வையுங்க. மோசமாச்சுன்னா மோசமாச்சுன்னு சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க. அறிமுகம் இல்லாத நம்பர்லேர்ந்துதான் கூப்பிடுவாங்க, எடுக்கலன்னா ரெண்டு தடவை பார்த்துட்டு பேரை அடிச்சுடற இடங்களும் இருக்கு, அதனால அந்த மாசம் மட்டுமாவது தெரியாத நம்பரை எடுங்க.

போன மாசம் அக்காவோட ஓபிக்குப் போனப்போ மறுபடி ஒரு புது டாக்டர், சின்னப் பொண்ணு, என் தங்கச்சி வயசு இருக்கும். தாளை நீட்டினேன். படிச்சாங்க, பெரிய எழுத்துல இருந்ததை விரலால தொட்டுப் பார்த்துட்டு கம்ப்யூட்டர்ல எதையோ மாத்தினாங்க. அப்புறம் என்னை விட்டுட்டு அக்கா பக்கம் திரும்பி "நீங்க சொல்லுங்கக்கா, தூக்கம் எப்படி"ன்னாங்க. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, "இவன் எழுதினது போன வாரம் டாக்டர், நேத்து நல்லா தூங்கினேன்"னு சொன்னாங்க.